தையல் மெஷினோடு வந்த குத்துச்சண்டை வீரர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலிங்பெல் அடித்தது. கதவைத் திறக்கப் போன என் மனைவி, போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"வெளியில ஆறேழு பேர் நிக்கிறாங்க. எல்லாருமே வயசானவங்க. ஒருத்தருக்குக்கூட மூக்கு நேரா இல்ல. யாரையாவது வம்புக்கு இழுத்து எழுதிட்டீங்களா?"

எழுதித்தான் இருந்தேன்... ஆனால் வம்பு இல்லை!

அதற்கு முந்தைய வாரம் இதே பக்கத்தில், சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய்ப் பார்த்த ஒரு குத்துச்சண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். காதர் – கலியபெருமாள் மோதல். மைதானத்தின் நடுவே மேடை. சுற்றிலும் கயிறு. மதில் மேல், மரத்தின் மேல் எல்லாம் ஆட்கள். 'அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்களோ' என்று ஒரு பெருமூச்சோடு முடித்திருந்தேன்.

வாசலுக்குப் போனேன். முன்னால் நின்றவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மெலிந்த உடம்பு. வெள்ளை வேட்டி. சிரித்த முகம்.

"கலியபெருமாள் எங்க இருக்காருன்னு கேட்டிருந்தீங்களே சார்... தவளக்குப்பத்துல இருக்கேன். நான்தான்."

சிறு வயதில் அண்ணாந்து பார்த்த ஆள், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்!

எல்லோரும் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர்கள். நாற்காலி பற்றவில்லை. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. பிறகுதான் விஷயமே வந்தது. அவர்கள் பாராட்ட வரவில்லை... திருத்த வந்திருந்தார்கள்.

"நாலு ரவுண்டுன்னு போட்டிருக்கீங்க. மூணு ரவுண்டு சார்" என்றார் ஒருவர்.

"காதர் பாய் வலது கைக்காரர்னு போட்டிருக்கீங்க. அவரு இடது கை! அதுதானே அவரு ஸ்பெஷாலிட்டியே!" என்று இன்னொருவர் கிட்டத்தட்ட அழுதார்.

கலியபெருமாள் மட்டும் சிரித்தார். "நான் ஒத்தைக் கண்ணாலதான் படிச்சேன். எனக்கே தப்பு தெரிஞ்சிடுச்சு."

அப்போது எனக்கு அந்த வாக்கியம் சரியாகப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அந்துவான் அண்ணன். யாரும் தேர்ந்தெடுக்காத தலைவர். அவர் ரிங்கில் ஏறியதே கிடையாது. வெறும் ரசிகர். இளைஞனாக பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனவர், பென்ஷனோடு ஊர் திரும்பி ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டார். வீட்டில் ஒரு கார் ஷெட் இருக்கிறது. கார் இல்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்ன செய்கிறார்கள்? பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

பிறகு நானும் அங்கே போய்ப் பார்த்தேன். எப்போதோ விட்ட குத்தை ஒருவர் எழுந்து நின்று மறுபடியும் காற்றில் விடுகிறார். டீ டம்ளர் பறக்கிறது. எதிரில் இருப்பவர், அன்று வாங்கிய அதே இடத்தில் மறுபடியும் வாங்கிக்கொண்டு தலையைச் சாய்க்கிறார். அந்துவான் அண்ணன் "அலே! அலே!" என்று கத்துகிறார். பிரெஞ்சில் 'போ, போ' என்று அர்த்தமாம். அவரை இவர்கள் கூப்பிடுவதும் பிரெஞ்சில்தான்... 'முசே', அதாவது ஐயா. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

அங்கே ஒருவர் எனக்குத் தன் தாடையைக் காட்டினார். வலது பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தட்டிலிருந்தே போண்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த நண்பரைத் தோளில் தட்டி, "இவன் உடைச்சதுதான் சார் இது" என்றார். என்ன பெருமை அந்தக் குரலில்! சம்பந்தியை அறிமுகப்படுத்துகிற மாதிரி!

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். ஒருவருடைய மனைவி இறந்தபோது, மாதக்கணக்கில் அவரைத் தனியாகச் சாப்பிட விடவே இல்லையாம். ஒருவரையொருவர் முகத்தில் அடித்துக்கொண்டவர்கள் இப்படி. ஒருவரையொருவர் நேரில்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போட்டுக்கொள்கிற நாம் எப்படி? சரி... அதை விடுவோம்.

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, என் வீட்டுக்கு வருகிறேன். காபி டம்ளர்கள் காலியானதும், விவரம் தெரியாமல் நான் கேட்டுவிட்டேன்.

"காதர் பாய் வரலையா?"

கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கலியபெருமாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் வெளுத்துப்போயிருந்தது.

"அன்னிக்கு வுழுந்த அடி சார். மூணாவது ரவுண்டு. மறுநாள் எழுந்திரிச்சா கண்ணுல திரை போட்ட மாதிரி இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணாங்க. பார்வை வரல." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பாய் மேல தப்பே கெடையாது. சுத்தமான குத்து. நான்தான் கைய எறக்கிட்டேன்."

"ஆனா ஆஸ்பத்திரிக்குக்கூட ஒரு நடை வந்து பாக்கல" என்று மூலையிலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

"அத வுடுப்பா" என்றார் கலியபெருமாள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு காதர் பாய் கையுறையைத் தொடவே இல்லையாம். இவர்கள் யாரோடும் சேர்வதும் இல்லையாம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு நாட்டுக்கா போய்விட்டார்? இல்லை. இதே டவுனில், தெற்குப் பக்கத்துத் தெருவொன்றில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்!

"ஒரு தடவை மார்க்கெட்டுல பாத்தேன்" என்றார் கலியபெருமாள். "கூப்பிடறதுக்குள்ள சந்துல பூந்துட்டாரு. ரிங்குல அவரு பின்னாடி போயி நான் பாத்ததே கெடையாது சார்."

புறப்படும்போது அந்துவான் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க கூப்புட்டு அலுத்துட்டோம். நீங்க எழுதறவரு. உங்க பேச்சைக் கேப்பாரு. ஒரு எட்டு வாங்க."

என் பேச்சைக் கேட்பார்களா? நான் மனைவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்துவான் அண்ணனின் ஸ்கூட்டரில் போனோம். சின்னக் கடை. வாசல் வரைக்கும் மெஷின்கள். உள்ளே வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக காதர் பாய். உயரம் அப்படியே இருக்கிறது. கையில் எண்ணெய்ச் சிமிழ்.

என்னை அறிமுகம் செய்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"படிச்சேன் தம்பி. நல்லா எழுதியிருந்தீங்க. வலது கைன்னு போட்டிருந்தீங்க... அதனால என்ன, பரவால்ல."

என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட அவருக்கு வரவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வாருங்கள், எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அவர் எண்ணெய்ச் சிமிழைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கலியன் சௌக்கியமா?"

"நல்லா இருக்காரு பாய். எந்நேரமும் சிரிப்புதான். உங்க மேல தப்பே இல்லன்னு சொல்றாரு" என்றேன்.

"சொல்லுவான். அவன் நல்லவன்." சிமிழைக் கீழே வைத்தார். "அதனாலதான் வர முடியல. கோவக்காரனா இருந்தா எப்பவோ போயி நாலு அடி வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அந்துவான் அண்ணன் ஸ்கூட்டரை ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

"பாய் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொன்னாங்க இல்ல... வந்தாரு. தெனமும் வந்தாரு. கூட நான் இருந்தேன்."

அவர் சொன்னது இதுதான். கலியபெருமாளுக்கு அப்பா கிடையாது. வளர்த்தது எல்லாம் பெரிய அண்ணன். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த அண்ணன் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காதர் பாய் பழம் வாங்கிக்கொண்டு வருவார். அண்ணன் உள்ளே விட மாட்டார். பாய் வெளியிலேயே நின்றுவிட்டுப் போவார். மறுநாளும் வருவார். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அந்த அண்ணன் எழுந்து வந்து பாயைப் பார்த்துக் கேட்டாராம்:

"இன்னொரு கண்ணையும் எடுத்துக்கிட்டுப் போக வந்தியா?"

பழப் பையை அங்கேயே வைத்துவிட்டு பாய் திரும்பி நடந்தார். அதன் பிறகு வரவில்லை.

"இதக் கலியபெருமாள்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"பாய் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. 'தகப்பன் மாதிரி இருக்கற அண்ணன். அவங்களுக்குள்ள என்னால ஒரு பேச்சு வரக் கூடாது'ன்னாரு. நான் அப்பவே பிரான்ஸ் போயிட்டேன். திரும்பி வந்தா அண்ணனும் தம்பியும் ஒரே வூட்டுல ஒத்துமையா இருக்காங்க. எப்படிச் சொல்றது? போன வருஷம் அண்ணன் போயிட்டாரு. செத்தவரப் பத்தி இப்பப் போயி எப்படிச் சொல்றது?"

ஸ்கூட்டரைக் கிளப்பினோம்.

பதில் கலியபெருமாளிடம் இருந்தது. அந்த வாரக் கடைசியில் அந்துவான் அண்ணனுக்கு அவரிடமிருந்து போன். "நாளைக்குக் காலையில பாய் கடைக்கு வரேன். நீங்களும் வாங்க. எழுதறவரையும் இட்டுக்கினு வாங்க."

நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. பின்னால் தையல் மெஷின் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி கலியபெருமாள்! டிரைவரும் அந்துவான் அண்ணனும் மெஷினை இறக்கிக் கடைக்குள் வைத்தார்கள்.

காதர் பாய் தலையை நிமிர்த்தினார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் போவதற்கு அவருக்கு இடம் இல்லை. சுவர் இருந்தது.

"மெஷின் ஓடல பாய். பாருங்க" என்றார் கலியபெருமாள். சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காதர் பாய் மெஷினிடம் வந்தார். குனிந்தார். மூடியைக் கழற்றினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். வேலை செய்வதற்காகக் குனிந்தாரா, முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்தாரா? யாருக்குத் தெரியும்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லையே" என்றார் கடைசியில்.

"தெரியும். நல்லா ஓடற மெஷின எதுக்குத் தூக்கினு போறேன்னு என் வூட்டுக்காரிகூட சத்தம் போட்டா." கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "பாய்... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆஸ்பத்திரிக்கு நீ ஏன் வரல?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

காதர் பாய் ஒரு கணம் அந்துவான் அண்ணனைப் பார்த்தார். அது கெஞ்சுகிற பார்வை. வாயைத் திறந்துவிடாதே என்கிற பார்வை.

"பயம் கலியா. உன் மூஞ்சியப் பாக்க பயம். அதான் வரல. தப்புதான்."

அந்துவான் அண்ணனால் தாங்க முடியவில்லை. ராணுவத்தில் எதையெல்லாமோ தாங்கிய மனிதர்! "பொய்! சுத்தப் பொய்! தெனமும் வந்தாருப்பா! நான் சாட்சி! உங்க அண்ணன்தான்..."

"தெரியும் முசே. உக்காருங்க" என்றார் கலியபெருமாள்.

அந்துவான் அண்ணன் வாய் திறந்தபடியே ஒரு மெஷின் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அண்ணன் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டாரு பாய். சொல்லிட்டு அழுதாரு. 'நான் பேசினது கொடுமைடா, அவனக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லிடு'ன்னாரு. ஒரு வருஷம் ஆச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றதுன்னு நானும் ஒளிஞ்சிக்கினு கெடந்தேன். வாசல்ல நிக்க வச்சித் தொரத்தினது எங்க வூட்டு ஆளு. கெட்ட பேரு உனக்கு. அதையும் நீயே வாங்கி வச்சிக்கினு இருக்கிற."

"அப்பறம் ஏன் என்னக் கேட்ட?"

"எங்க அண்ணனக் காட்டிக் குடுப்பியான்னு பாத்தேன். குடுக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் என் காதால ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு."

காதர் பாய் மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "உங்க அண்ணன் பேசினதுல தப்பே இல்ல கலியா. என் தம்பிக்கு ஆகியிருந்தா நான் அதுக்கு மேல பேசியிருப்பேன்."

வெளியே ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

இந்த மாதிரி நேரத்தில் ஆண்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. காதர் பாய்க்கும் தெரியவில்லை. "சரி... கொண்டு வந்தது வந்தாச்சு. ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம்" என்று நூல்கண்டை எடுத்தார். வாழ்நாளெல்லாம் செய்த வேலை. ஆனால் அன்றைக்கு வரவில்லை. நூல், ஊசிக் காதுக்கு இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முயன்றார். ம்ஹூம்.

கலியபெருமாள் எழுந்தார். பாயின் விரல்களிலிருந்து நூலை வாங்கினார். நுனியை வாயில் வைத்து ஈரமாக்கினார். குனிந்தார். நூல் உள்ளே போய்விட்டது.

"பாத்தியா? நீங்கள்லாம் ஊசியில நூல் கோக்க ஒரு கண்ண மூடிக்கணும். எனக்கு அந்த வேலையே இல்ல!"

காதர் பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. கலியபெருமாள் அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ரிங்கில் களைத்துப்போன இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்களே... அப்படி நின்றார்கள். பிரித்துவிட நடுவர் யாரும் இல்லை. நானும் அந்துவான் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்று தோன்றியது. எதிரில் நின்று அடி வாங்கப் பயப்படாத இரண்டு பேர். ஆனால் ஒருவருக்கொருவர் முகம் காட்டப் பயந்து சந்து சந்தாக ஒளிந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தப்பு செய்யாதவர்கள் என்பதுதான் வேடிக்கை. அடுத்தவர் செய்ததற்கும், யாருமே வேண்டுமென்று செய்யாததற்கும் வெட்கப்பட்டவர்கள். செய்த தப்புக்கே வெட்கப்படாமல் மைக் பிடித்து நிற்கிறவர்களைத் தினமும் டிவியில் பார்க்கிற நமக்கு, இவர்களைப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் கார் ஷெட்டுக்கு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. வாசலிலேயே தயங்கி நின்றார். யாரும் கைதட்டவில்லை. மாலை, சால்வை எதுவும் இல்லை. "வா பாய்" என்று தாடை உடைந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நேற்றும் வந்துவிட்டுப் போனவருக்கு இடம் விடுகிற மாதிரி. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

டீ வந்தது. போண்டா வந்தது. கூடவே பழைய வழக்கும் வந்தது. மூன்றாவது ரவுண்டுக்கு முன்னால், முதல் இரண்டு ரவுண்டில் யார் முன்னணியில் இருந்தது? ஷெட்டில் பாதிப் பேர் கலியபெருமாள் கட்சி. மீதிப் பேர் காதர் கட்சி. இத்தனை வருஷமாகத் தீராத வழக்கு. இன்றைக்குத்தான் சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் இருக்கிறார்களே! தீர்ப்பு கேட்டார்கள்.

"ரெண்டு ரவுண்டும் கலியன்தான். என்னால அவனத் தொடவே முடியல" என்றார் காதர் பாய்.

"யாரு சொன்னது? பாய் அடிச்ச அடியில எனக்குக் காலே நிக்கல. பாய்தான்!" என்றார் கலியபெருமாள்.

"இல்லப்பா, நீதான்."

"சும்மா இரு பாய், நீதான்."

அந்துவான் அண்ணன் காதர் கட்சி. எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பாய் இது! பிரான்ஸ்ல பனியில நின்னுக்கினுகூட உனக்காகச் சண்ட போட்டவன் நான்! நீயே இப்படிக் கால வாரி வுட்டா எப்படி?"

அந்தப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் கட்சிக்காரர் ஒருவரும் எழுந்து, தன் தலைவரைப் பார்த்து அதையே கேட்டார். கத்தல் தெருவைத் தாண்டியது. நடுவில் வீரர்கள் இருவரும் ஒரே தட்டில் சட்னியைத் தொட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சண்டை போட்டவர்கள் சமாதானமாகிவிட்டார்கள்... வேடிக்கை பார்த்தவர்கள் சமாதானமாவதற்குத்தான் இன்னும் நாளாகும்!